இரத்த ஓட்டம் நின்றால் நரம்பின் தூண்டுதிறன் எப்படி மாறுகிறது: அளப்பதற்கும் படிப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்: ஊசி குத்துவதுபோன்ற குறுகுறுப்பு மிகக் கடுமையாக வருவது கால் மடங்கியிருக்கும்போது அல்ல, எழுந்து காலை நீட்டிச் சற்று நேரம் கழித்துத்தான். இரத்தம் இல்லாதபோது நரம்பு மங்கிப்போகும், இரத்தம் வந்ததும் தெளிந்துவிடும் என்று எண்ணுபவருக்கு இது புதிராகவே இருக்கும். உண்மையில், இரத்த ஓட்டம் நின்ற முதல் சில நிமிடங்களில் நரம்பிழை வழக்கத்தைவிட எளிதில் தூண்டப்படுகிறது. ஓட்டம் திரும்பிய பிறகு அதைத் தூண்டுவது கடினமாகிறது. அப்படிக் கடினமான நிலையிலேயே அது தானாகத் துடிக்கவும் செய்கிறது. இந்த மூன்றையும், மேற்கையில் காற்றுப்பட்டை கட்டி இரத்தத்தைச் சற்று நேரம் தடுத்து, மனிதக் கையில் முறையாக அளந்து, பதிவுகளைப் பிழையின்றிப் படிக்க விரும்பும் உடலியங்கியல், நரம்பியல் மாணவர்களுக்காகவும் நரம்பு மின்சோதனைக் கூடங்களில் பணிபுரிவோருக்காகவும் இதை எழுதுகிறேன். தூண்டல் வாசல் (இழைகளைத் தூண்டத் தேவையான மின்னோட்டம்) என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நரம்பின் நிலையைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதே இதில் நான் வலியுறுத்த விரும்புவது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: பம்பு

ஓய்விலிருக்கும் மனித நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 80 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நெடுங்காலத்துக்குக் காத்துநிற்பது, 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ விவரித்த, பின்னர் 1997-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு. இது ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர்மின்னூட்டம் கூடுதலாக வெளியேறுவதால், பம்பு அயனிகளின் செறிவைக் காப்பதோடு நேரடியாகவும் இழையைச் சூழ்ந்த சவ்வை எதிர்மின் பக்கம் இழுக்கிறது.

பம்புக்குத் தேவை, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி. ஏடிபிக்குத் தேவை ஆக்சிஜனும் குளுக்கோஸும். அவை இரண்டும் வருவது இரத்தத்தில். ஓட்டம் நின்றதும் பம்பு படிப்படியாகத் தளர்கிறது, சவ்வின் மின்னழுத்தம் சுழியை நோக்கி நகர்கிறது. இதுவே முனைப்பியக்க நீக்கம். கூடவே, உள்ளே இழுக்கப்படாத பொட்டாசியம், இழையைச் சுற்றியுள்ள கொழுப்புப் போர்வையான மையலின் உறைக்கும் இழைக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கில் தேங்குகிறது. பம்பின் தளர்ச்சி, பொட்டாசியத்தின் தேக்கம் ஆகிய இரண்டையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தடை நீங்கிய பிறகு நிகழ்பவற்றை இரண்டாவது இல்லாமல் விளக்க முடியாது.

எதை அளக்கிறோம்

சாதாரண நரம்புக் கடத்தல் சோதனையில் நரம்பை அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் தூண்டி, துடிப்பின் வேகத்தையும் உயரத்தையும் பார்க்கிறோம். எத்தனை இழைகள் எவ்வளவு வேகமாகக் கடத்துகின்றன என்பதை அது சொல்லும். சவ்வின் நிலையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. தூண்டுதிறன் சோதனையில் கேள்வியே தலைகீழாகிறது: குறிப்பிட்ட உயரமுள்ள துடிப்பைப் பெற எவ்வளவு மின்னோட்டம் தேவை? அந்த அளவே தூண்டல் வாசல். துடிப்பு இலக்கைவிடச் சிறுத்தால் கணினி மின்னோட்டத்தைக் கூட்டும், பெருத்தால் குறைக்கும். இப்படி வாசலை விடாமல் பின்தொடர்வதே இம்முறையின் உயிர். லண்டன் குயின் ஸ்கொயரிலுள்ள நரம்பியல் நிறுவனத்தில் ஹ்யூ போஸ்டாக் உருவாக்கிய கியூட்ராக் மென்பொருளும், கீர்னன், பர்க், ஆண்டர்சன், போஸ்டாக் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட பல்லளவீட்டு வரிசையும் இதை மருத்துவமனைகளில் செய்யக்கூடிய சோதனையாக மாற்றின.

அந்த முழு வரிசை ஏறத்தாழப் பத்து நிமிடம் எடுக்கும். நிலையான நரம்புக்கு அது ஏற்றது. இரத்தத் தடையின்போது அளந்துகொண்டிருக்கையிலேயே நரம்பு மாறிக்கொண்டிருப்பதால், வரிசையின் தொடக்கத்தில் எடுத்த எண்ணும் இறுதியில் எடுத்த எண்ணும் இருவேறு நிலைகளைச் சேர்ந்தவையாகிவிடும். எனவே சில அளவீடுகளை மட்டும் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்சி முறையில் திரும்பத் திரும்ப எடுப்பதே சரியான வழி.

முதல் படி: யாரிடம் செய்யக்கூடாது

இது வீட்டில் செய்து பார்க்கும் விளையாட்டு அல்ல. நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். அறையில் மருத்துவர் இருக்க வேண்டும். அரிவாள் அணு இரத்தசோகை, கை கால் தமனி அடைப்பு, ஆழ்சிரை இரத்தக்கட்டு ஆகியவை உள்ளவர்களையும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்தவர்களையும், மார்பக அறுவைக்குப் பின் அந்தப் பக்கக் கையில் நிணநீர் வீக்கம் உள்ளவர்களையும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களையும் சேர்க்கக்கூடாது. எந்த நொடியில் நிறுத்தச் சொன்னாலும் பட்டையின் காற்று இறக்கப்படும் என்று பங்கேற்பவரிடம் முன்பே சொல்லி, சொன்னபடி செய்யவும் வேண்டும்.

இரண்டாம் படி: மின்முனைகளும் வெப்பநிலையும்

மணிக்கட்டில், கையின் முக்கிய நரம்புகளுள் ஒன்றான மீடியன் நரம்பின்மேல் தூண்டும் மின்முனையை ஒட்டுங்கள். இயக்க இழைகளுக்கான பதிவுமுனையைக் கட்டைவிரலின் அடிமேட்டுத் தசையின்மீதும், உணர்விழைகளுக்கு வளைய வடிவ மின்முனைகளை ஆள்காட்டி விரலிலும் பொருத்துங்கள். இயக்க இழைகளுக்கு 1 மில்லிவிநாடி, உணர்விழைகளுக்கு 0.5 மில்லிவிநாடி நீளமுள்ள தூண்டலே வழக்கம். இலக்கு உயரம் உச்சத் துடிப்பின் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். அங்கே வளைவு செங்குத்தாக ஏறுவதால் சிறு மாற்றமும் தெளிவாகத் தெரியும்.

தோலின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். சோதனை முழுவதும் அது தொடர்ந்து பதிவாகவும் வேண்டும். பலர் தொடக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கைக்குச் சூட்டைக் கொண்டுவருவது இரத்தமே. அது நின்றதும் கை மெல்லக் குளிரத் தொடங்கும். குளிர்ந்த நரம்பின் சவ்வில் சோடியம் புகும் வழிகளான சோடியம் வாய்கள் மந்தமாகி, ஒரு துடிப்புக்குப் பின் இழையை மீண்டும் தூண்டுவது கடினமாக இருக்கும் மந்த காலம் நீளும். இரத்தத் தடையும் மந்த காலத்தை நீட்டும் என்பதால், குளிரின் விளைவை இரத்தத் தடையின் விளைவாக எண்ணி எழுதிவிட மிக எளிதாக இடமுண்டு. முன்கையையும் உள்ளங்கையையும் போர்வையால் மூடி, தேவைப்பட்டால் வெப்ப விளக்கு வைத்து, அளவு ஒரு டிகிரிக்கு மேல் சரியாமல் காத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அளவீட்டுத் தடங்கள்

ஏழு தடங்கள் போதும். முதல் தடம் உச்சத் தூண்டல், துடிப்பின் முழு உயரத்தைக் காட்டுவது. இரண்டாவது 1 மில்லிவிநாடி வாசல், மூன்றாவது 0.2 மில்லிவிநாடி வாசல். நான்காவது தடத்தில், ஓர் உச்சத் தூண்டலுக்குப் பிறகு 2 முதல் 2.5 மில்லிவிநாடி இடைவெளியில் எடுக்கும் வாசல் மந்த காலத்தைச் சொல்லும். ஐந்தாவதில் 7 மில்லிவிநாடி இடைவெளியில் எடுப்பது, துடிப்புக்குப் பின் இழை சற்று எளிதில் தூண்டப்படும் மிகைத்திறன் காலத்தைச் சொல்லும். ஆறாவதும் ஏழாவதும் வாசலின் 40 விழுக்காடு அளவிலான மென்மின்னோட்டத்தை நேர்ப்பக்கமும் எதிர்ப்பக்கமும் 100 மில்லிவிநாடி செலுத்தி, அதன் முடிவில் வாசல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவை. இந்தக் கடைசி இரண்டையும் எலக்ட்ரோடோனஸ் தடங்கள் என்பார்கள்.

இரு எச்சரிக்கைகள். தடையின்போது தசையும் நரம்பு-தசைச் சந்தியும்கூட இரத்தமின்றித் தவிக்கின்றன. சில இழைகளில் கடத்தல் நின்றுபோகவும் கூடும். ஆகவே முதல் தடத்தின் உயரம் இறங்கினால், 40 விழுக்காடு என்ற இலக்கையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். இல்லாவிட்டால், வேலைநிறுத்தம் செய்த இழைகளுக்குப் பதிலாக வேறு இழைகளைக் கணினி பின்தொடரும், வாசல் பொய்யாக உயரும். அடுத்தது, மென்மின்னோட்டத்தைத் தொடக்க வாசலின் விழுக்காடாக நிலையாக வைக்காமல், அந்த நேரத்து வாசலின் விழுக்காடாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மந்த காலத்தையும் மிகைத்திறனையும் கணக்கிடும்போதும் ஒப்பிட வேண்டியது அந்த நேரத்து இரண்டாம் தடத்தோடுதான்.

நான்காம் படி: பட்டை

பத்து நிமிடம் நிலையான பதிவு கிடைத்த பிறகே காற்றை ஏற்றுங்கள். காற்றுப்பட்டை மேற்கையில் இருக்க வேண்டும். அளக்கும் இடம் மணிக்கட்டு. இந்தத் தூரம் வேண்டுமென்றே வைக்கப்படுவது. பட்டைக்கு நேர் அடியிலுள்ள நரம்பு இரத்தத்தையும் இழக்கிறது, நசுக்கவும்படுகிறது. மணிக்கட்டிலுள்ள நரம்பு இரத்தத்தை மட்டுமே இழக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

அழுத்தத்தை 200 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குச் சில நொடிகளில் ஏற்றிவிடுங்கள். மெதுவாக ஏற்றினால் முதலில் சிரைகள் மூடிக்கொள்ளும், தமனி திறந்தே இருக்கும். கை இரத்தம் தேங்கிச் சிவந்து வீங்கும். மணிக்கட்டில் நாடி முற்றிலும் நின்றதை விரலால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தடையின் காலம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இருபது, முப்பது நிமிடம் வைத்த பழைய ஆய்வுகள் உண்டு. அவற்றின் நோக்கம் கடத்தல் எப்போது நிற்கிறது என்று பார்ப்பது. நமக்கு வேண்டியது நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள். அவை பத்து நிமிடத்தில் தெளிவாகவே வந்துவிடும். அதற்குமேல் வைப்பது பங்கேற்பவரை வீணாகத் துன்புறுத்துவதே என்பது என் கருத்து.

இந்தப் பத்து நிமிடத்தில் பங்கேற்பவரின் மூச்சையும் கவனியுங்கள். பயத்தில் சிலர் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குவார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, அதனாலேயே வாசல் இறங்கி, உதட்டைச் சுற்றியும் மற்றக் கையிலும் குறுகுறுப்பு வரும். பட்டை கட்டாத கையிலும் குறுகுறுக்கிறது என்று அவர் சொன்னால் அது மூச்சின் வேலை.

ஐந்தாம் படி: தடையின்போது வரும் மாற்றங்களைப் படித்தல்

சவ்வு சுழியை நோக்கி நகர்ந்திருப்பதால், துடிப்பு கிளம்பும் புள்ளிக்கு அது முன்பைவிட அருகில் இருக்கிறது. எனவே சில நிமிடங்களுக்குள் இரண்டாம் தடம் இறங்கும், அதாவது குறைந்த மின்னோட்டமே போதுமானதாகிவிடும். இறக்கம் தொடர்ந்து போகாமல் ஓரளவில் நின்றுவிடும். முனைப்பியக்கம் நீங்க நீங்கச் சோடியம் வாய்களில் ஒரு பகுதி செயலிழப்பதும், பொட்டாசியம் வாய்கள் கூடுதலாகத் திறப்பதும் இறக்கத்துக்கு எதிராக வேலை செய்கின்றன.

மூன்றாம் தடத்தை இரண்டாவதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தூண்டலின் நீளத்தைக் குறைத்தால் மின்னோட்டத்தை எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் வலிமை-கால மாறிலி. 1901-இல் வைஸ் கண்ட விதியின்படி, தேவைப்படும் மின்னூட்டம் தூண்டலின் நீளத்தோடு நேர்கோட்டில் ஏறுகிறது. அந்தக் கோட்டிலிருந்து இந்த மாறிலியை இரண்டே அளவுகளால் பெறலாம். விளக்கத்துக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். தடைக்கு முன் 1 மில்லிவிநாடிக்கு 5 மில்லிஆம்பியரும் 0.2 மில்லிவிநாடிக்கு 11 மில்லிஆம்பியரும் தேவை என்றால் விகிதம் 2.2. விகிதத்திலிருந்து ஒன்றைக் கழித்து 0.2-ஆல் பெருக்கினால் 0.24, விகிதத்தை 0.2-ஆல் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.56, முன்னதைப் பின்னதால் வகுக்க, மாறிலி 0.43 மில்லிவிநாடி. தடையின் எட்டாம் நிமிடத்தில் அளவுகள் 4-ஆகவும் 9.6-ஆகவும் மாறினால் விகிதம் 2.4, மாறிலி 0.54. வாசல்கள் இரண்டும் இறங்கின, மாறிலியோ ஏறியது. ஓய்வு மின்னழுத்தத்துக்கு அருகிலேயே மூடாமல் கசியும் சோடியம் வாய்கள் கூடுதலாக வேலை செய்வதன் அடையாளம் இந்த ஏற்றம். உணர்விழைகளில் இந்தக் கசிவு இயக்க இழைகளைவிட அதிகம். தடையின்போது தசை துடிக்காமல் விரல் மட்டும் குறுகுறுப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நான்காம் தடம் ஏறும். செயலிழந்த சோடியம் வாய்கள் ஒரு துடிப்புக்குப் பின் மீண்டுவர நேரம் பிடிக்கிறது. ஐந்தாம் தடம் காட்டும் மிகைத்திறன் சுருங்கும், ஏனென்றால் திறந்திருக்கும் பொட்டாசியம் வாய்கள் வழியே துடிப்பின் எச்சம் கசிந்து போய்விடுகிறது. அதே கசிவினால் ஆறாம், ஏழாம் தடங்கள் இரண்டும் நடுக்கோட்டை நோக்கி நெருங்கிவரும்: செலுத்தும் மென்மின்னோட்டம் வாசலின் அதே விழுக்காடுதான் என்றாலும் சவ்வில் அது எழுப்பும் மாற்றம் குறைவு.

வாசல் இறக்கம், மாறிலி ஏற்றம், மந்த கால நீட்சி, மிகைத்திறன் சுருக்கம், எலக்ட்ரோடோனஸ் நெருக்கம் ஆகிய ஐந்தும் ஒரே திசையில் சேர்ந்து வந்தால்தான் முனைப்பியக்க நீக்கம் என்று எழுதலாம். மோகியோரோஸ், கீர்னன், பர்க், போஸ்டாக் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு வேகமூச்சையும் இரத்தத் தடையையும் அருகருகே வைத்துக் காட்டியது இதைத்தான்: இரண்டிலும் வாசல் இறங்குகிறது, மாறிலி ஏறுகிறது, மந்த காலமோ இரத்தத் தடையில் மட்டுமே தெளிவாக நீள்கிறது. வாசலை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

ஆறாம் படி: காற்றை இறக்கிய பிறகு

காற்றை ஒரே மூச்சில் இறக்கிப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். அடுத்த சில நிமிடங்கள்தான் சோதனையின் மிகச் செறிவான பகுதி. பதிவாளர் சற்று ஓய்வெடுக்கும் நேரமும் பெரும்பாலும் இதுவாகவே அமைந்துவிடுகிறது.

ஆக்சிஜன் வந்ததும் பம்பு மீண்டும் ஓடத் தொடங்குகிறது, அதுவும் இயல்பைவிட வேகமாக. உள்ளே சேர்ந்த சோடியமும் வெளியே தேங்கிய பொட்டாசியமும் அதை முடுக்குகின்றன. சவ்வு பழைய நிலையைத் தாண்டி எதிர்மின் பக்கம் செல்கிறது. இது மிகை முனைப்பியக்கம். எல்லாத் தடங்களும் திசை மாறும்: வாசல் தொடக்க அளவைக் கடந்து உயரும், மாறிலியும் மந்த காலமும் குறையும், மிகைத்திறன் பெருகும், எலக்ட்ரோடோனஸ் தடங்கள் விலகி விரியும். இந்த உயர்வு தடையின்போது கண்ட இறக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். இயக்க இழைகளில் இது மிகுதி. உணர்விழைகளில், எதிர்மின் பக்கம் போகப்போகத் திறந்து சவ்வைத் திரும்ப இழுக்கும் ஒருவகை வாய்கள் அதிகம் இருப்பதால், உயர்வு கட்டுக்குள் நிற்கிறது.

கடுமையான குறுகுறுப்பு வருவதும் இந்த நேரத்தில்தான். தூண்டக் கடினமான நிலையிலுள்ள இழை தானாகத் துடிப்பானேன்? போஸ்டாக், பேக்கர், ரீட் ஆகியோர் 1991-இல் முன்வைத்த விளக்கம் இது. வெளியே பொட்டாசியம் தேங்கியிருக்கும்போதே பம்பு சவ்வை மிகவும் எதிர்மின் பக்கம் இழுத்துவிடுகிறது. பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தத்தையே (பொட்டாசியம் உள்ளேயும் வெளியேயும் சமமாக ஓடும் அளவை) சவ்வு தாண்டிவிடும்போது, வழக்கமாக வெளியேறும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. உள்ளே வரும் நேர்மின்னூட்டம் சவ்வைச் சுழியின் பக்கம் தள்ள, அதனால் மேலும் பொட்டாசியம் வாய்கள் திறக்க, ஓட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. இதனால் சில இழைகள் இருவேறு நிலைகளுக்கு இடையே திடீரென்று தாவி, தாவும்போது துடிப்புத் தொடர்களை எழுப்புகின்றன. பதிவில் வாசல் சீராக இறங்காமல் குதித்தால், மின்முனை கழன்றதா என்று பாருங்கள்; கழலவில்லையென்றால் அதை இரைச்சல் என்று நீக்கிவிடாதீர்கள்.

அந்தத் துடிப்புகள் கற்பனையல்ல. ஓச்சோவாவும் டோரெபியோர்க்கும் 1980-இல் நுண்ணூசி மின்முனையை மனித நரம்புக்குள்ளேயே செலுத்தி, குறுகுறுப்பு எழும் அதே நேரத்தில் உணர்விழைகள் தாமாகத் துடிப்பதைப் பதிவு செய்தார்கள். இயக்க இழைகளின் தன்னியக்கத் துடிப்பு, அதாவது தசை நெளிவு, இன்னும் நீண்ட தடைக்குப் பிறகே வருவது வழக்கம்.

வாசல் தொடக்க அளவுக்குத் திரும்பும்வரை பதிவைத் தொடருங்கள். குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: உணர்வைப் பற்றிய குறிப்பு

எண்களோடு பங்கேற்பவரின் சொற்களும் பதிவாக வேண்டும். குறுகுறுப்பு எப்போது தொடங்கியது, எந்த விரலில், எப்போது மதமதப்பாக மாறியது என்பதைக் கேட்டு நேரத்தோடு எழுதுங்கள். தாமஸ் லூயிஸ், பிக்கரிங், ராத்ஸ்சைல்ட் ஆகியோர் 1931-இல் வெளியிட்ட உன்னிப்பான ஆய்வு, மின்முனைகளை நம்பாமல் பெரும்பாலும் இத்தகைய கேள்விகளாலேயே அமைந்தது. தடை நீண்டால் மரப்பு விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி ஏறுவதையும், தொடுவுணர்வு முதலில் போய், வலியுணர்வு கடைசிவரை நிற்பதையும் அவர்கள் காட்டினார்கள். பருத்த மையலின் இழைகள் முதலிலும், உறையற்ற மெல்லிழைகள் இறுதியிலும் செயலிழப்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

நோயாளிகளிடம் வேறுபடும் இடங்கள்

மணிக்கட்டுக் குகை நோயில், ஏற்கெனவே நெரிசலிலுள்ள மீடியன் நரம்பு தடைக்கு விரைவாக மசியும். கில்லியட்டும் வில்சனும் 1953-இல் மேற்கைப் பட்டையை இந்நோய்க்கான சோதனையாகவே முன்மொழிந்தார்கள். பட்டையின் அடியிலேயே நரம்பு நசுங்கி நாள்கணக்கில் செயலிழப்பது முற்றிலும் வேறு. 1972-இல் ஓச்சோவா, ஃபௌலர், கில்லியட் ஆகியோர் பபூன் குரங்குகளில் கண்டபடி, அங்கே மையலின் உறையின் இடைவெளிகளான ரேன்வியர் கணுக்கள் அழுத்தத்தால் இடம்பெயர்ந்து மையலின் உறை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்கிறது. அது நசுக்கலால் வந்த காயம், பம்பின் தளர்ச்சி அல்ல.

நீரிழிவு நோயாளிகளின் பதிவுதான் புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது. இரத்தம் நின்றும் வாசல் பெரிதாக அசையாது, காற்றை இறக்கிய பிறகும் உயர்வு மட்டுப்பட்டே இருக்கும். பார்ப்பவர் நரம்பு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடுவார். அதிர்வுணர்வு நீரிழிவு நோயாளிகளிடம் தடையிலும் நெடுநேரம் நிலைப்பதை ஸ்டைனெஸ் 1959-இலேயே கண்டார். வாசல் பின்தொடர் முறையில் இந்தத் தடைதாங்கும் தன்மையைச் சில நிமிடங்களில் காட்டலாம் என்பது 1989-இல் வெளியான வைகல், போஸ்டாக் ஆகியோரின் ஆய்வு. மிகுதியாகக் கிடைக்கும் குளுக்கோஸைக் கொண்டு ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் பெறுவது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. எனவே மாற்றம் குறைந்த பதிவைக் கண்டால் முதலில் பட்டையின் அழுத்தத்தையும் நாடி நின்றதையும் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அன்றைய இரத்தச் சர்க்கரை அளவைக் கேளுங்கள். அறிக்கையில் அந்த அளவு, தோலின் வெப்பநிலை, பட்டையின் அழுத்தம், தடை தொடங்கிய நேரம், நீங்கிய நேரம் ஆகியவை எண்களுக்கு முன்பாகவே இடம்பெறட்டும்.